சுட்ட சுண்ணாம்புக் கட்டி, பத்து கிலோ மூட்டை: சுவர் நன்றாக வந்தது, சில கற்கள் வேகவில்லை

ஈரம் ஏறும் பின்சுவருக்கு வெள்ளையடிக்க இந்த மூட்டையை வாங்கினேன். அந்தச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்து உரிந்துவிடுகிறது. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விட்டுவிடும்.

முதலில் நீற்றியதைச் சொல்ல வேண்டும். இரும்பு வாளித் தண்ணீரில் கட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கட்டியில் விரிசல் ஓடியது, உஸ்ஸென்று ஆவி கிளம்பியது, வாளி கொதித்தது. நெருப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. சூளையில் ஏறத்தாழ 900 டிகிரியில் வேகும்போது 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு போய், 56 கிலோ கட்டிதான் மிஞ்சும். அது தண்ணீரோடு சேரும்போதுதான் இவ்வளவு சூடு. பிளாஸ்டிக் வாளி வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து.

குறை என்னவென்றால், மறுநாள் சலித்தபோது முக்கால் கிலோவுக்குக் கல் தங்கியது. ஒன்றை உடைத்தேன். மேலே மாவு, நடுவில் கெட்டியான சாம்பல் நிறக் கல். அதில் இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் பொரிந்து நுரைத்தது. வாயு இன்னும் உள்ளேயே இருக்கிறது, அதாவது நடு வேகவில்லை. நன்றாக வெந்த கட்டி இப்படி நுரைக்காது. கல்லை ஒரே அளவாக உடைத்துச் சூளையில் அடுக்கியிருந்தால் இது பெருமளவு குறைந்திருக்கும். மூட்டையின் உள்பையும் கிழிந்திருந்தது. மேலே இருந்தவை காற்றின் ஈரத்திலேயே பொடிந்துவிட்டன.

சரி, சுவருக்கு வருவோம். சுவரை நனைத்துவிட்டு, நாளுக்கு ஒரு கையாக மூன்று கை நீர்க்க அடித்தேன். அடிக்கும்போது பால் கலந்த தண்ணீர் போலத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். காயக் காய வெண்மை எழுந்து வரும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. மூடாமல் வைத்த வாளியில் இது கண்ணெதிரே நடந்தது: காலையில் தெளிந்த நீரின் மேல் மெல்லிய ஏடு படிந்து, விரலால் தொட்டதும் கண்ணாடிச் சில்லு போல உடைந்தது.

மூன்று வாரம் கழித்து ஈரக் கையால் சுவரைத் தேய்த்துப் பார்த்தேன், வெள்ளை ஒட்டவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்குவதானால் தேவைக்கு மேல் ஒரு கிலோ சேர்த்து வாங்குங்கள், உள்பை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். மிஞ்சிய விழுதின் மேல் தண்ணீர் நிற்கும்படி இறுக மூடி வைத்திருக்கிறேன், அடுத்த முறைக்கு ஆகும்.