டார்க்டேபிளின் புதுப் பதிப்பை என் லேப்டாப் தாங்குமா?

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுக்கிறவன் நான். சில வருடங்களாக ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கேமரா ஃபைல்) வேலை முழுவதும் டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில்தான். திறந்த மூல மென்பொருள், சந்தா கிடையாது. லினக்ஸில் பிறந்தது, 2017 டிசம்பரில் வந்த 2.4 பதிப்பிலிருந்து விண்டோஸிலும் ஓடுகிறது. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், பெரிய பதிப்பு வந்துவிடும். 2023 டிசம்பரில் 4.6, 2024 ஜூனில் 4.8, அதே வருடம் டிசம்பரில் 5.0, 2025 ஜூனில் 5.2. ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இதை இப்போதே ஏற்றலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பாதி பதில் நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. டிசம்பர் பதிப்பு வரும்போது மார்கழி பிறந்திருக்கும், முகூர்த்தம் இல்லை. தை பிறக்கும்வரை நிதானமாகச் சோதித்துப் பார்க்கலாம். ஜூன் பதிப்பு அப்படியில்லை. வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்கு நடுவே வந்து விழும். ஆல்பத்துக்கு ஆள் காத்திருக்கிற நேரத்தில் நான் அதைத் தொடுவதே இல்லை. ஆடியில் எடுத்துக்கொள்வேன். அதற்குள் முதல் சுற்றுப் பிழைகள் பலர் கண்ணில் பட்டு, திருத்தமும் வர ஆரம்பித்திருக்கும்.

மீதிப் பாதிதான் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. என்னுடையது ஐ5 லேப்டாப், 16 ஜிபி ராம், 4 ஜிபி நினைவகம் உள்ள என்விடியா கார்டு, எஸ்எஸ்டி. பெரிய மெஷின் இல்லை. நம் ஊரில் இந்த வேலை செய்கிறவர்கள் பலரிடம் இதுவோ, இதைவிடக் குறைவோதான் இருக்கும். மென்பொருள்காரர்கள் போடுகிற குறைந்தபட்சத் தேவைப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அந்தப் பட்டியல், மென்பொருள் திறக்குமா என்பதைச் சொல்லும். நானூறு படம் விடிவதற்குள் எக்ஸ்போர்ட் ஆகுமா என்பதைச் சொல்லாது.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். டார்க்டேபிள் உள்ளே ஒவ்வொரு பிக்சலையும் நான்கு எண்களாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் 4 பைட், ஆகப் பிக்சலுக்கு 16 பைட். 24 மெகாபிக்சல் படம் என்றால் 384 எம்பி. கேமராவில் 25, 30 எம்பி ஃபைலாக உட்கார்ந்திருந்த படம், வேலை தொடங்கியதும் இந்த அளவுக்கு விரிகிறது. இது ஒரு நகலுக்கு மட்டும். ஒரு மாட்யூல் (நிறம், வெளிச்சம், கூர்மை என்று தனித்தனி வேலை செய்யும் கருவி) ஓட, உள்ளே வரும் படத்துக்கு ஒரு நகல், வெளியே போவதற்கு ஒரு நகல், நடுவில் கணக்குப் போட இன்னும் சில என்று வேண்டும். 45 மெகாபிக்சல் கேமரா என்றால் நகலுக்கு 720 எம்பி. 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு எங்கே திணறுகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இடம் போதாவிட்டால் டார்க்டேபிள் நின்றுவிடாது. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, இட்லியை ஈடு ஈடாக இறக்குவதுபோல் ஒவ்வொன்றாகச் செய்யும். துண்டுகளின் ஓரம் ஒன்றோடொன்று சரியாகச் சேர வேண்டும் என்பதற்காக ஓரப் பகுதிகளை இரண்டு முறை கணக்கிடும். 3.8-இல் வந்த டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் மாட்யூலுக்கு இந்த ஓரம் ரொம்ப அகலமாக வேண்டும். அது ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிற மாட்யூல் வேறு. சின்ன கார்டில் நேரம் அங்கேதான் கரைகிறது.

இன்னொன்றும் உண்டு. திரையில் திருத்தும்போது டார்க்டேபிள் முழுப் படத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. திரையில் தெரிகிற அளவுக்குச் சுருக்கித்தான் கணக்கிடுகிறது. அதனால் புதுப் பதிப்பைத் திறந்து நான்கு ஸ்லைடரை இழுத்துப் பார்த்துவிட்டு “நல்லா வேகமா இருக்கே” என்று முடிவுகட்டுவது சரியான சோதனை ஆகாது. முழு அளவில் எக்ஸ்போர்ட் செய்து பார்த்தால்தான் மெஷினின் பலம் தெரியும்.

சோதனைக்கென்று எப்போதும் ஒரே படங்களைத்தான் எடுப்பேன். ஒன்று, இரவில் சாமி புறப்பாட்டில் 6400 ஐஎஸ்ஓவில் எடுத்தது. நிழலெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். டீநாய்ஸ் மாட்யூலுக்கு முழு வேலை. இன்னொன்று, மண்டப மேடையில் நீல எல்இடி அலங்காரத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும். எல்இடி நீலம் கேமரா சென்சாரையே திணறடிக்கிற நிறம். பட்டுச் சேலையின் சரிகையில் அந்த நீலம் பட்டு மின்னும் இடத்தில், வண்ணக் கணக்கில் சிறு மாற்றம் இருந்தாலும் அப்பட்டமாகத் தெரியும். நீலம் ஊதாவாகத் திரும்புகிறதா, முகத்தின் ஓரத்தில் சாயம் படிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். வெயிலில் எடுத்த நல்ல படத்தை எந்த மென்பொருளும் அழகாகக் காட்டிவிடும், அதை வைத்துச் சோதிப்பது வீண்.

பழைய பதிப்பை நீக்காமலேயே புதியதைப் பார்க்க வழி இருக்கிறது. நான் உபுண்டு வைத்திருக்கிறேன். நிறுவாமலேயே ஓடும் ஆப்இமேஜ் ஃபைலைத் தனியாக இறக்கி, கட்டளை வரியில் வேறொரு அமைப்பு ஃபோல்டரைக் காட்டித் திறப்பேன். அப்போது அது, என் படங்களின் பட்டியலும் எடிட்டும் இருக்கும் உண்மையான தரவுத்தளத்தைத் தொடாது. இது ரொம்ப முக்கியம். புதுப் பதிப்பு தேவைப்பட்டால் பழைய தரவுத்தளத்தைத் தன் வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்றால் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் மாற்றும். ஆனால் மாறிய பிறகு அதைப் பழைய பதிப்பால் திறக்க முடியாது. படங்களோடு கூடவே கிடக்கும், எடிட் விவரம் எழுதிய எக்ஸ்எம்பி ஃபைல்களிலும் இதே கதைதான்: புதுப் பதிப்பு எழுதியதில் சில மாட்யூல்கள் பழையதற்குப் புரியாது. அதனால் சோதனைப் படங்களை எக்ஸ்எம்பியோடு சேர்த்துத் தனி ஃபோல்டரில் நகலெடுத்த பிறகே கைவைக்கிறேன்.

பழைய எடிட் புதுப் பதிப்பில் அப்படியே வருகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. இரண்டு பதிப்பிலும் ஒரே படத்தை 16 பிட் டிஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து, ஜிம்ப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக லேயராக வைத்து, மேல் லேயரை டிஃபரன்ஸ் முறைக்கு மாற்றுவேன். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் இரண்டும் ஒன்று. லெவல்ஸை நன்றாக ஏற்றிப் பார்த்தால் அங்கங்கே மணல் தூவியதுபோல் மெல்லிய வித்தியாசம் தெரியலாம். அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. முகத்தின் வடிவமோ சேலைக் கரையோ அந்தக் கறுப்பில் தெரிய ஆரம்பித்தால்தான் எந்த மாட்யூல் மாறியிருக்கிறது என்று தேட வேண்டும். பழைய எடிட்டைக் காப்பாற்றுவதில் டார்க்டேபிள்காரர்கள் அக்கறை உள்ளவர்கள். கைவிடப்பட்ட மாட்யூல்களைக்கூடப் பழைய படங்களுக்காக உள்ளேயே வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக நான் இதை விட்டுப் போகாததற்கு முதல் காரணம் இதுதான்.

வேகத்தைப் பார்க்க, எந்த மாட்யூல் எவ்வளவு நேரம் எடுத்தது, கார்டில் ஓடியதா சிபியுவில் ஓடியதா என்று வரிவரியாக எழுதிக் காட்டும் வசதி இருக்கிறது. கணக்கைக் கார்டில் ஓட்ட உதவும் ஓப்பன்சிஎல் அணைந்து கிடந்தால் அங்கே உடனே தெரிந்துவிடும். புதுப் பதிப்பு மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு உண்மையில் கார்டு டிரைவர்தான் பழையதாக இருக்கும்.

எங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாத மத்தியானத்தில் முதல் பத்துப் படம் வேகமாகப் போகும், பிறகு சூடேறி ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு படம் எடுத்துக்கொண்ட நேரத்தை நானூறால் பெருக்கினால் விடை தப்பாக வரும். ஐம்பது படத்தைத் தொடர்ச்சியாக ஓடவிட்டு, கடைசிப் பத்துக்கு ஆகும் நேரத்தைத்தான் நான் நம்புகிறேன்.

பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஆனி மாதத்தில் ஒருநாள் கேட்டார். “தம்பி, புது வெர்ஷன் வந்திருச்சாமே, போட்டுறலாமா?” அவருடையது 8 ஜிபி ராம், 2 ஜிபி கார்டு, சாதா ஹார்டு டிஸ்க். கையில் மூன்று கல்யாண ஆல்பம். “ஆடி பொறக்கட்டும்ணே. அதுக்குள்ள ஒரு எஸ்எஸ்டி போட்டு, ராமைப் பதினாறு ஆக்கிருங்க” என்றேன். அவர் செய்தார். தம்ப்நெயில் உடனுக்குடன் வர ஆரம்பித்தது. கனமான மாட்யூல்களை மட்டும் தவிர்த்துவிட்டு இப்போது புதுப் பதிப்பில்தான் வேலை செய்கிறார். தனி கார்டே இல்லாத மெஷின் என்றால் ராதெரபி என்ற இன்னொரு ரா மென்பொருளையும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். அது கிராஃபிக்ஸ் கார்டை நம்பி இல்லை, எல்லாம் சிபியுவில்தான்.

1366க்கு 768 திரை உள்ள லேப்டாப்பில் இரு பக்கப் பேனல்களும் படத்தை நெருக்கும். டேப் கீயை அழுத்தினால் எல்லாம் மறைந்து படம் மட்டும் நிற்கும். பழகிக்கொள்ளலாம்.

என்னைப் பொறுத்தவரை 5.2 தேறிவிட்டது. புறப்பாட்டுப் படம் துண்டாகாமல் கார்டிலேயே முடிகிறது, டிஃப்யூஸை ஒரு தடவைக்கு மேல் அடுக்காதவரை. ஆடியில் ஏற்றினேன், ஆவணி முகூர்த்தத்துக்குத் தயாராக இருந்தது. புது கேமரா வாங்கப் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். நிக்கான் இசட்8, இசட்9 கேமராக்களில் ஹை எஃபிஷியன்சி என்று ஒரு ரா முறை உண்டு. ஃபைல் அளவு குறையும் என்பதற்காகப் பலரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முறையில் சேமித்த ஃபைலை டார்க்டேபிள் 5.2 திறக்காது. கேமரா மெனுவில் லாஸ்லெஸ் கம்ப்ரஷனுக்கு மாற்றிவிட்டு மண்டபத்துக்குக் கிளம்புங்கள்.