கல்லூரிக்குத் தாள் தரும் கடை: ஒரு மதிப்பீடு

புதுச்சேரி நேரு வீதிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மொத்த விற்பனைக் கடையிலிருந்துதான் எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கும் தேர்வுப் பிரிவுக்கும் நகல் தாள் வருகிறது. பசுமைக் கொள்முதல் என்று எல்லாக் கல்லூரிகளும் பேசும் இந்நாளில், அதற்கு ஈடுகொடுக்கும் கடையா இது என்பதே என் கேள்வி.

சரக்கில் குறையில்லை. நாங்கள் வாங்குவது 1979இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் டி.என்.பி.எல். நிறுவனத் தாள். கரூர் மாவட்டத்து ஆலையில் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தயாராகிறது. மரக்கூழும் சேர்வதால் மரமே வெட்டாத தாள் என்று கொண்டாட முடியாது என்றாலும், சர்க்கரை ஆலையின் கொதிகலனில் எரிந்துபோகும் சக்கை வினாத்தாளாக மாறுவது நல்ல காரியமே. 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளைவிட 75 ஜி.எஸ்.எம். தாளில், 500 ஏ4 தாள் கொண்ட ஒரு ரீமுக்கு ஏறக்குறைய 150 கிராம் காகிதம் மிச்சமாகிறது என்பதைக் கடைக்காரரே எடுத்துச்சொல்லி, விலை குறைந்த சரக்கைப் பரிந்துரைத்தார்.

இந்தக் கடையின் உண்மையான சிறப்பு கிடங்கில் தெரிகிறது. கடற்கரை ஊரில் ஈரம் ஏறிய தாள் ஓரம் சுருண்டுவிடும். ஒருபுறம் அச்சாகித் திரும்ப உள்ளே போகும்போது இயந்திரத்தில் சிக்கும். பிறகு, இருபுறமும் அச்சிட வேண்டும் என்ற சுற்றறிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள். இங்கே பெட்டிகளைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மரச்சட்டங்களின் மேல் அடுக்கியிருக்கிறார்கள். அதனால் மழைக்காலத்திலும் தாள் கெடாமல் வருகிறது.

குறை, கொண்டுவந்து தரும் முறையில்தான். ஒவ்வொரு துறையும் தனித்தனியே இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போட, கடை வண்டியும் இரண்டு பெட்டிக்காகக்கூடத் தனியே வந்துபோகிறது; பெட்டிகளைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையை எங்களிடமே விட்டுச்செல்கிறார்கள். திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்டால், "கொட்டேஷன்ல அது இல்லையே சார்" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான், விலையை மட்டுமே கேட்கும் கொட்டேஷனுக்கு விலை மட்டுமே பதிலாக வரும். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் நாக் (NAAC) குழு வரும்போது பசுமை வளாகம் என்று ஃபிளெக்ஸ் பேனர் கட்டும் நாம் கடைக்காரரை மட்டும் குறைசொல்வதும் அழகல்ல.

மாநாட்டுக் கோப்புகளுக்கு ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத்தையும் கேட்டால் தருவித்துத் தருகிறார்கள். பருத்தித் துணிக் கழிவில் உருவாகும் அந்தத் தாள் விலை கூடியது, சான்றிதழ்களுக்குப் பொருந்தும், அன்றாடத்துக்கு அல்ல.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். வாங்க நினைக்கும் கல்லூரிகள், எல்லாத் துறைகளுக்கும் மாதம் ஒரே நடையில் சரக்கு வர வேண்டும், உறையைக் கடையே திரும்ப எடுக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுவது நல்லது.