தபாலா, வாட்ஸ்அப்பா?

நான் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சிலைகளை வரைகிறேன். அவற்றை மெழுகில் பிடித்து வெண்கலத்தில் வார்ப்பவர் சுவாமிமலை அண்ணன். அவருக்கு எதைத் தபாலில் அனுப்புவது, எதை வாட்ஸ்அப்பில் பேசுவது?

அளவு சொல்ல எனக்குத் தபால்தான். சிலை உயரத்துக்கு ஓலை நறுக்கி, நவதாலம் (முக நீளத்தைப் போல ஒன்பது மடங்கு உயரம்) என்றால் 108 பாகம் கணக்கிட்டு, முகம், மார்பு, முழங்கால் வரும் இடங்களில் மடித்து அனுப்புவேன். மெழுகின் மேல் அதை வைத்துப் பார்த்தாலே போதும், ஸ்கேல் வேண்டாம். வாட்ஸ்அப் படத்தில் இது நடக்காது. கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். ஒருமுறை அதை நம்பி மூக்கைச் சீவச் சொன்னேன். "தம்பி, மூக்கு சரிதான், போட்டோதான் கோணல்" என்றார்.

ஆனால் அச்சுக்காக மெழுகின் மேல் வண்டல் மண் பூசிவிட்டால் அப்புறம் திருத்த வழியில்லை. "நாளைக்கு மண் பூசப்போறேன், விரல் மடிப்பு சரியா?" என்று கேட்கிற அன்றைக்கு வாட்ஸ்அப்தான்.