டர்போ ஆயில் பைப்: கம்பெனி பைப்பா, ஹைட்ராலிக் ஹோஸா, பின்னல் ஹோஸா?

டர்போ (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை அடைக்கும் கருவி) போன வண்டி பட்டறைக்கு வந்தால் பேச்செல்லாம் டர்போவின் விலையைச் சுற்றியே இருக்கும். புதுசு போடலாமா, ரீகண்டிஷன் போதுமா, உள்ளே இருக்கும் 'கோர்' பாகத்தை மட்டும் மாற்றினால் ஓடுமா என்று கேட்பவர்கள், அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. பழைய பைப்பையே துடைத்து மாட்டச் சொல்லிவிடுவார்கள். போட்ட டர்போ சில மாதத்தில் மறுபடி கூவத் தொடங்கினால் பழி டர்போ மேல் விழும், பைப் தப்பித்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இந்தப் பைப்புக்கு என்னென்ன வழிகள் உண்டு, எந்த வண்டிக்கு எது சரி என்று பார்ப்போம்.

சின்ன டீசல் காரின் டர்போ ஷாஃப்ட் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் ஷாஃப்ட் தன்னைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷைத் தொடவே கூடாது. நடுவில் ஓடும் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு முனையில் 700, 800 டிகிரிப் புகை அடிக்கிறது. அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு இறங்குவதும் இதே எண்ணெய்தான். ஆகவே பைப்புக்கு இரண்டு பொறுப்பு: ஸ்டார்ட் ஆனவுடன் தாமதமில்லாமல் எண்ணெய் கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் அடுப்புச் சூட்டைத் தானும் தாங்க வேண்டும்.

செட்டிநாட்டில் வண்டி ஓடுகிற விதம் இரண்டு வகை. ஒன்று டிராவல்ஸ் வண்டி: விடியற்காலையில் திருச்சி விமான நிலையம், திரும்பி வந்ததும் மதுரை, நடுவில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, கோயில் வாசலில் நிறுத்திய நொடியில் சாவியைத் திருப்பிவிடுவார்கள். எண்ணெய் ஓட்டம் அப்படியே நின்றுவிடும், டர்போவின் சூடு நிற்காது. உள்ளே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். இன்னொன்று வீட்டு வண்டி. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஆட்கள் வரும்போதும், கல்யாணம், படைப்பு என்று விசேஷம் வரும்போதும்தான் கிளம்பும். மற்ற மாதங்களில் நிழலில் நிற்கும். இந்த இரண்டு வண்டிக்கும் ஒரே யோசனை சொல்பவரின் பேச்சை நான் நம்ப மாட்டேன்.

கம்பெனி ஸ்டீல் பைப்

முதல் வழி, வண்டியோடு வந்த மாதிரியே வளைத்த ஸ்டீல் பைப். முனையில் வளையம் மாதிரி ஒரு கண், அதற்குள் துளை போட்ட பேஞ்சோ போல்ட், இரு பக்கமும் காப்பர் வாஷர். நம் ஊரில் இன்னும் ஏராளமாக ஓடும் ஸ்விஃப்ட், டிசையர் டீசல் வண்டிகளின் 1248 சிசி இன்ஜின் தொடங்கி பொலேரோ, இன்னோவா வரை, மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு என் முதல் தேர்வு இதுதான்.

காரணம் எளிது. ஸ்டீல் சூட்டுக்கு இளகாது. வருடக்கணக்கில் நின்றாலும் ரப்பர் போல இறுகி வெடிக்காது. உள்விட்டம், வளைவு, பிராக்கெட் எல்லாம் அந்த இன்ஜினின் எண்ணெய் அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் பொருத்தமாக அளந்து வைத்தவை.

பழசைக் கழுவி மாட்டுவதில்தான் ஆபத்து. கருகிய எண்ணெய் பைப்பின் உள்சுவரில் ஒட்டி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும். ஏர் அடித்தால் காற்று போகிறதே என்று சொல்வார்கள். பாதி அடைத்த பைப்பிலும் காற்று போகும். குளிர்ந்த காலையில் கெட்டியாக இருக்கும் எண்ணெய் அதே வழியில் தேவையான அளவு போகுமா என்பதுதான் கேள்வி. கம்பி விட்டுக் குடைந்தால் இன்னும் மோசம், பெயர்ந்த கரித்துகள் நேராகப் புது புஷ்ஷுக்குள் போகும். சில இன்ஜின்களில் பேஞ்சோ போல்ட்டுக்குள்ளேயே பொடி வலை ஒன்று இருக்கும். சுபாரு டர்போ வண்டிகளில் இந்த வலை அடைத்து டர்போ போவது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. கழற்றும்போது உங்கள் போல்ட்டில் வலை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புது டர்போவுக்கு வாரன்ட்டி தருபவர்கள் பலர் ஆயில் பைப் மாற்றிய பில்லைக் கேட்பதும் இதனால்தான்.

காப்பர் வாஷரை ஒருமுறைக்கு மேல் போடாதீர்கள். அவசரத்துக்கு வேறு வழியில்லை என்றால் செக்கச் செவேலென்று சுட்டுத் தண்ணீரில் போட்டால் காப்பர் மறுபடி மென்மையாகும். பிறகு மேலே படிந்த கருப்பை நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒழுகுகிறது என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவது வேண்டாம். உள்ளே துளை உள்ள போல்ட் அது, சட்டென்று ஒடியும். பைப்பைத் தாங்கும் சின்ன பிராக்கெட்டின் போல்ட்டை "எட்டவில்லை" என்று விட்டுவிடுகிற பழக்கமும் உண்டு. அந்த ஒரு போல்ட் இல்லாமல் பைப் அதிர்ந்து அதிர்ந்து, கண்ணைப் பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும். புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு மேல் எண்ணெய் தெளித்தால் வண்டியே தீப்பிடிக்கலாம்.

ஜேசிபி ஹோஸ் கடையில் அடித்து வாங்குவது

இரண்டாவது வழி, ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடை. கேட்ட நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் நிப்பிள் வைத்து மெஷினில் அழுத்தி, அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். விலையும் குறைவு. "200 கிலோ பிரஷர் தாங்கும் சார், உங்க இன்ஜின்ல அதுல பத்துல ஒரு பங்குகூட வராது" என்பார்கள். அழுத்தக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. இங்கே பிரச்சினை சூடு.

சாதாரண ஹைட்ராலிக் ரப்பர் ஹோஸின் வரம்பு பொதுவாக 100 டிகிரி. இன்ஜின் எண்ணெயே நெடுஞ்சாலையில் அந்த அளவைத் தாண்டும், வெளியில் டர்போவின் வெக்கை வேறு. ரப்பர் உள்பக்கமாக இறுகி, உதிர்ந்து, துகளாக புஷ்ஷுக்குப் போகும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு போலவே இருக்கும், அதுதான் இதில் பயங்கரம். ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு என்றால் சரி. நிரந்தரமாக வைக்க மாட்டேன்.

அதற்காக அந்தக் கடைக்காரரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். நல்ல கடையில் டெஃப்லான் உள்குழாய் கொண்ட ஹோஸும் அதற்குரிய ஸ்டீல் ஃபிட்டிங்கும் வரவழைத்துத் தருவார்கள். அவர்களிடம் இருக்கும் அழுத்தும் மெஷின், நாம் ஸ்பேனரால் இறுக்கிச் சேர்க்கும் முனையைவிட நம்பகமானது.

லேத் பட்டறையில் காப்பர் குழாயை வளைத்துப் பற்றவைத்துத் தருவதும் உண்டு. காப்பர் தொடர்ந்து அதிர்ந்தால் இறுகி ஒடியும். அதை விட்டுவிடலாம்.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ்

மூன்றாவது, சென்னை, கோவையிலிருந்தோ ஆன்லைனிலோ வரும் பின்னல் ஹோஸ். உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டெயின்லெஸ் கம்பிப் பின்னல், முனைகளில் ஏஎன் என்ற அளவு முறையில் வரும் ஃபிட்டிங். டெஃப்லான் 200 டிகிரிக்கு மேலும் அசராது, எண்ணெயால் கெடாது. டர்போவைப் பெரிதாக மாற்றியவர்களுக்கும், டர்போவே இல்லாமல் வந்த பெட்ரோல் இன்ஜினில் புதிதாக ஏற்றுபவர்களுக்கும் கம்பெனி பைப் பொருந்தாது. அவர்களுக்கு இதுவே வழி. வாங்கும்போது உள்ளே டெஃப்லானா, வெறும் ரப்பரா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டுக்கும் மேலே ஒரே பின்னல்தான்.

ஏஎன் எண் என்பது குழாயின் வெளிவிட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளாகச் சொல்வது. ஏஎன்-4 என்றால் கால் அங்குலம். புஷ் வகை டர்போவுக்கு ஏஎன்-4 அளவு, ரெஸ்ட்ரிக்டர் (எண்ணெய் ஓட்டத்தைக் குறைக்கும் சின்னத் துளை) இல்லாமல். பால் பேரிங் டர்போவுக்குக் கதை வேறு, எண்ணெய் அதிகமானாலும் அதற்குக் கேடு. இன்ஜின் முழு வேகத்தில் டர்போவின் எண்ணெய் வாயில் 40 முதல் 45 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால் போதும், அதற்கு சுமார் 1 மில்லிமீட்டர் துளை உள்ள ரெஸ்ட்ரிக்டர் பெரும்பாலும் சரிவரும் என்று டர்போ செய்யும் காரெட் நிறுவனமே சொல்கிறது. அதே ரெஸ்ட்ரிக்டரை "எல்லாரும் போடுறாங்க" என்று புஷ் டர்போவில் போட்டால் பட்டினி போட்டுக் கொல்கிறோம்.

ஃபிட்டிங் அலுமினியமா, ஸ்டீலா? சிவப்பு, நீலம் என்று பளபளக்கும் அலுமினியத்தை எண்ணெய் கூலர் பக்கம் வைத்துக்கொள்ளலாம். டர்போவை ஒட்டிய முனைக்கு ஸ்டீலே சரி. சூடாகி ஆறி, நாலு தடவை கழற்றி மாட்டினால் அலுமினிய மரை உரசிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீலோடு சேர்ந்த இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் அரிக்கவும் செய்யும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கிற காரைக்குடியில் இதை விளக்கத் தேவையில்லை.

பின்னல் ஹோஸுக்கு இரண்டு கெட்ட குணம். அளவுக்கு மீறி வளைத்தால் உள்ளே டெஃப்லான் மடிந்து அப்படியே நின்றுவிடும், நிமிர்த்தினாலும் சரியாகாது. வளைவு வேண்டிய இடத்தில் 90 டிகிரி முனை வாங்குங்கள். அடுத்து, அந்தக் கம்பிப் பின்னல் எதில் உரசினாலும் அதை அறுக்கும்: ஒயர், ஏசி பைப், ரேடியேட்டர் ஹோஸ், எதுவானாலும். மேலே கண்ணாடி நார் உறை போட்டு, கிளிப்பால் கட்டி நிறுத்த வேண்டும்.

வீட்டு வண்டிக்கு இந்த ஹோஸ் தேவையே இல்லை. புதுக் கம்பெனி பைப் போதும், அதோடு ஓட்டும் பழக்கம் மாற வேண்டும். எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவர் பள்ளத்தூர் வீடு ஒன்றில் சொன்னதை நானும் சொல்வேன்: "ஆச்சி, வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல நிறுத்தாதீங்க. எடுத்தா ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து விடச் சொல்லுங்க." இரண்டு நிமிட ஓட்டத்தில் எண்ணெய் சூடேறாது, உள்ளே சேரும் ஈரம் வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும்.

மரையில்தான் பாதிப் பேர் சிக்குகிறார்கள்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மரை பொருந்தாவிட்டால் பயனில்லை. நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையான பிஎஸ்பி மரை. வெளியூர் டர்போ கிட்டுகளில் வருவது அமெரிக்க முறையான என்பிடி. வண்டியில் இருப்பது மெட்ரிக். மூன்றும் சின்ன அளவில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். 1/8 பிஎஸ்பிக்கு அங்குலத்துக்கு 28 மரை, 55 டிகிரிக் கோணம், விட்டம் 9.73 மில்லிமீட்டர். 1/8 என்பிடிக்கு 27 மரை, 60 டிகிரி. மெட்ரிக்கில் எம்10x1-க்கு விட்டம் 10 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். ஒன்றை இன்னொன்றில் விட்டால் இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகிவிடும். பொருந்திவிட்டது என்று நினைத்து முறுக்கினால் இன்ஜின் பிளாக்கின் மரையே போகும். மரை கேஜும் வெர்னியரும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

கூம்பாக விரிந்து உட்காரும் ஃபிளேர் முனையிலும் இதே குழப்பம். ஏஎன், ஹைட்ராலிக் ஃபிட்டிங்கில் வரும் ஜேஐசி இரண்டின் இருக்கையும் 37 டிகிரி, ஒன்றோடொன்று சேரும். ஏசி, ஃபிரிட்ஜ் கடையில் கிடைக்கும் கால் அங்குலப் பித்தளை ஃபிளேர் நட்டுக்கும் ஏஎன்-4 போலவே 7/16-20 மரைதான், ஆனால் அதன் இருக்கை 45 டிகிரி. அழகாக ஏறும், கோணம் சேராது, ஒழுகும்.

டெஃப்லான் டேப் இந்தப் பக்கமே வரக்கூடாது. கிழிந்த நூல் ஒன்று போதும், டர்போவின் எண்ணெய்த் துளை அடைபட. சரிவான மரைக்குத் திரவ மரை சீலன்ட்டை, முதல் இரண்டு மரையை விட்டுத் தடவுங்கள். ஃபிளேர் முனைக்கும் பேஞ்சோவுக்கும் எதுவும் தடவ வேண்டாம்.

புதிதாக எண்ணெய் எடுப்பவர்கள் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் டி (T வடிவ இணைப்பு) போட்டு எடுப்பார்கள். ஃபில்டரைத் தாண்டி வந்த எண்ணெயாக இருந்தால் அது நல்ல இடம். பித்தளை டி-யின் மேல் கனமான மீட்டர் சென்சரைத் தொங்கவிட்டால் மட்டும் அதிர்வில் கழுத்து ஒடியும். சென்சரைத் தனி ஹோஸில் பாடியில் பிடியுங்கள்.

திரும்பும் பைப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எண்ணெய் தன் எடையால்தான் சம்ப்புக்கு இறங்குகிறது. அந்த வழி குறுகியதாகவோ நெளிந்தோ இருந்தால், அல்லது சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தால், டர்போவுக்குள் எண்ணெய் தேங்கி சீலைத் தாண்டிப் புகையாக வரும். அப்போது "டர்போ சீல் போச்சு" என்று நல்ல டர்போவைக் கழற்றுவார்கள். காரெட் சொல்வது, வெளியேறும் பைப் டர்போவின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்று.

எல்லாம் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டர்போவின் எண்ணெய் வாயில் சுத்தமான எண்ணெயை விட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். பிறகு இன்ஜின் பிடிக்காதபடி எரிபொருளைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தேவகோட்டை வரை ஒரு ஓட்டம் ஓட்டி வந்து, வண்டி முழுவதும் ஆறிய பிறகு வெள்ளைத் துணியால் ஒவ்வொரு முனையையும் துடைத்து இன்னொரு முறை சோதியுங்கள்.