கோழிச்சோறா, தயிரா, பூசணியா: நாயின் வயிற்றுக்கு எது, எப்போது?

நாய்க்கு வயிறு கெட்டால் நம் வீடுகளில் முதலில் வருவது இரண்டு: வேகவைத்த கோழி போட்டுக் குழைத்த சோறு, இல்லாவிட்டால் தயிர்சாதம். குப்பையைக் கிளறித் தின்றுவிட்டு வந்து ஒரு நாள் கழியும் நாய்க்கு இரண்டுமே போதும். மாதக்கணக்கில் இளகலாகவே போய், காதைச் சொறிந்து, பாதத்தை நக்கி நக்கி ரோமத்தைப் பழுப்பாக்கி வைத்திருக்கும் நாய்க்கோ இந்த வைத்தியமே வினையாகலாம். உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களை 2016-ல் ஒரு ஆய்வுத் தொகுப்பு சேர்த்துப் பார்த்தது. மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13, செம்மறி இறைச்சி 5. காலையில் பால், மாலையில் டீக்கடைப் பொறை, ராத்திரி கோழிச்சோறு என்று வளரும் நாய் இதில் மூன்றை ஒரே நாளில் முடித்துவிடுகிறது.

ஆகவே எந்தக் கைமருந்து மேல் என்று கேட்பதற்கு முன்னால் எந்த வியாதி என்று கேட்க வேண்டும். திடீர்ப் போக்குக்கு எதையாவது சேர்த்துக் கொடுக்கலாம். ஒவ்வாமைக்கு எதையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். இரண்டும் இல்லாமல் கொக்கிப்புழுவாகவோ ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணியாகவோ இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. புது மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போய்க் கால்நடை மருத்துவமனையில் பரிசோதித்துவிடுவது முதல் வேலை. தடுப்பூசி முடியாத குட்டி ரத்தமாகக் கழிந்தால் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம்; அங்கே கைமருந்துக்கு நேரம் இல்லை. கறுத்த தார் போன்ற மலம், நிற்காத வாந்தி, சோர்ந்து படுத்துவிடுவது, இரண்டு நாளாகியும் நிற்காத போக்கு, இவற்றுக்கும் அதேதான்.

கோழிச்சோறும் தயிர்சாதமும்

திடீர்ப் போக்குக்குக் கோழிச்சோறுதான் முந்துகிறது. காரணம் கொழுப்பு குறைவு, எளிதில் செரிக்கும் மாவுச்சத்து. தோலும் எலும்பும் நீக்கிய நெஞ்சுக்கறியை உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து உதிர்க்கவும். எடையில் ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு குழைந்த வெள்ளைச் சோறு. 10 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கலோரி வேண்டும். வெந்த கறி 100 கிராமும் வெந்த சோறு 200 கிராமும் சேர்ந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். அதை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். மலம் கட்டியான பிறகு, பழைய சாப்பாட்டுக்கு ஒரே நாளில் தாவாமல் ஐந்தாறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவும். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: மூன்றாம் நாள் மலம் சரியானதும் தட்டு நிறையப் பழைய உணவைப் போடுவார்கள், நான்காம் நாள் மறுபடி தண்ணீராகப் போகும், "கோழிச்சோறு கேட்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

தயிர்சாதத்தின் சிக்கல் தயிரைவிடத் தாளிப்பில். கடுகும் மிளகாயும் இஞ்சியும் புண்பட்ட குடலுக்கு ஆகாது. கடைப் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். விசேஷ வீட்டுத் தயிர்சாதத்தில் போடும் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். பாயசத்து உலர்திராட்சையும் அப்படியே. தாளிக்காத வெறும் தயிரும் சோறும் என்றால், 10 கிலோ நாய்க்கு ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் தயிர் தாங்கும். பால் குடித்தால் கழியும் நாய்கள் சில தயிரைத் தாங்குவதற்குக் காரணம், உறையும்போது லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை ஓரளவு குறைவது. ஆனால் ஒவ்வாமை வருவது லாக்டோஸால் அல்ல, பால் புரதத்தால். புரதம் தயிரிலும் மோரிலும் பனீரிலும் அப்படியேதான் இருக்கிறது. "பால் ஆகாது, தயிர் ஆகும்" என்பது செரிமானக் குறைக்குச் சரி, ஒவ்வாமைக்குச் செல்லாது.

நல்ல பாக்டீரியாவுக்காகத்தான் தயிர் என்றால், நாய்க்கென்றே வரும் புரோபயாடிக் பொடி மேல். எந்தக் கிருமி, எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். வீட்டுத் தயிரில் அது நாளுக்கு நாள் மாறும். ஒவ்வாமை சந்தேகம் உள்ள நாய் என்றால் பொடியின் லேபிளையும் பார்க்கவும், சிலவற்றில் சுவைக்காகக் கோழி ஈரல் போன்ற விலங்குப் புரதம் சேர்த்திருப்பார்கள்.

மஞ்சள் பூசணியும் இசப்கோலும்

இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகச் சொல்வது வழக்கம். பலம் ஒன்றல்ல. வெந்த பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுக்கே நார். இசப்கோல் என்னும் விதையின் உமியோ ஏறக்குறைய முழுக்க நார். ஒரு டீஸ்பூன் உமிக்கு ஈடான நாரைப் பூசணியில் எடுக்க 100 கிராமுக்கு மேல் ஊட்ட வேண்டும். அந்த அளவு இனிப்பும் ஈரமும் சேர்ந்து சின்ன நாயை இன்னும் இளக்கிவிடும். பூசணி லேசான இளகலுக்கு, வேளைக்கு ஒரு டேபிள்ஸ்பூன், தோலும் விதையும் நீக்கி வேகவைத்து மசித்தது. பொரியல் மிச்சம் அல்ல.

இசப்கோல் எடுபடும் இடம் பெருங்குடல் போக்கு. அடையாளம் இது: அடிக்கடி போகும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகப் போகும், முக்கும், மலத்தின் மேல் வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி சளி படர்ந்திருக்கும், கடைசியில் ஒரு சொட்டுச் சிவப்பு ரத்தம்கூட வரலாம். இந்த வகைக்கு 10 கிலோ நாய்க்கு வேளைக்கு அரை டீஸ்பூனில் ஆரம்பிக்கலாம். உமியை ஈரச் சாப்பாட்டில் கலந்து, பத்து நிமிடம் ஊறி வழுவழுப்பான பிறகு வைக்கவும். உலர்ந்த உணவின் மேல் தூவினால் தொண்டையில் ஒட்டும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நாய்க்கு மலம் இறுகிவிடும். நாளைக்கு மூன்று தடவைக்குள், ஆனால் வாளி வாளியாகப் போய், உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தால் அது சிறுகுடல் கோளாறு. அங்கே இரண்டு நாரும் உதவாது, ரத்தப் பரிசோதனைதான்.

இளநீர், தேங்காய் எண்ணெய், மற்றவை

இளநீரில் பொட்டாசியம் அதிகம், போக்கில் இழக்கும் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 10 கிலோ நாய்க்கு அரை மணிக்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் வீதம் நக்க விடுவது அதைவிடச் சரி. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த வகை மட்டும் வாங்கிவிடக் கூடாது. நாய்க்கு அது விஷம்.

தேங்காய் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி, எல்லாம் கொழுப்பு. 10 கிலோ நாயின் ஒரு நாள் தேவையில் கால் பங்குக்கு மேல். கழியும் குடலுக்கு அது இன்னும் சுமை, கணைய அழற்சிக்கு ஆளாகும் நாய்க்கு ஆபத்து. மஞ்சளும் மிளகும் எண்ணெயும் கிளறிய பசையும் இதே கணக்கில்தான் சேரும். பூச்சிக்குப் பூண்டு என்பதை விட்டுவிடலாம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கொக்கிப்புழு ஏற்கெனவே ரத்தம் குடித்து வெளுத்த நாய்க்கு இதைவிடக் கெட்ட மருந்து கிடையாது.

ஒவ்வாமைக்கு: வீட்டுச் சமையலும் கடை உணவும்

நம்பத்தக்க வழி ஒன்றே: இதுவரை தின்னாத ஒரே புரதம், ஒரே மாவுச்சத்து, எட்டு வாரம். வயிற்றுக் கோளாறு இரண்டு மூன்று வாரத்திலேயே தணியும்; தோல் அரிப்புக்குத்தான் எட்டு வாரமும் தேவை. ரோமத்தையோ எச்சிலையோ அனுப்பிச் செய்யும் உணவு ஒவ்வாமைப் பரிசோதனைகளில் பணம் போட வேண்டாம், ஆரோக்கியமான நாய்க்கும் பட்டியல் வரும்.

எந்தப் புரதம்? கோழி ஆகாதென்று சந்தேகித்தால் காடை, வாத்து, வான்கோழிக்கு மாறுவது சுலபம். ஆனால் பறவைப் புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கம், மீனிலும் கோழிக்கு ஒத்த புரதங்கள் உண்டு. பால், மாட்டிறைச்சி ஆகாத நாய்க்கு மட்டனும் சரிவராமல் போகலாம். கோழியும் ஆடும் பாலும் தின்று வளர்ந்த நாய்க்கு எஞ்சுவது பெரும்பாலும் முயலும் பன்றியும்தான். தமிழ்நாட்டில் முயல் பண்ணைகள் இருப்பதால் முயல்கறி தேடினால் கிடைக்கும். கூடச் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ உருளைக்கிழங்கோ வேகவைத்துச் சேர்க்கவும்.

வீட்டுச் சமையலின் பலம், உள்ளே என்ன போகிறது என்று தெரிவது. பலவீனம் கால்சியம்: வெறும் கறியும் கிழங்கும் வளரும் குட்டியின் எலும்பை வளைத்துவிடும். வளர்ந்த நாய்க்குச் சுவையூட்டாத கால்சியம் கார்பனேட்டை மருத்துவரிடம் அளவு கேட்டுச் சேர்க்கலாம். குட்டிக்கு வீட்டு முறையே வேண்டாம். கடையில் மருத்துவர் சீட்டோடு வரும் ஹைட்ரோலைஸ்டு உணவில் புரதம் துண்டு துண்டாகச் சிதைக்கப்பட்டிருக்கும், சத்தும் நிறைவாக இருக்கும். விலைதான் கடிக்கும். அதிலும் கோழியிலிருந்து எடுத்த வகை, கோழி ஆகாத சில நாய்களுக்கு அரிப்பைக் கிளப்பிவிடும். "ஒரே இறைச்சி" என்று சாதாரணக் கடையில் விற்கும் உணவுகளில் பெயர் போடாத இறைச்சி கலந்திருந்ததைப் பல ஆய்வுகள் பிடித்திருக்கின்றன. சோதனைக் காலத்துக்கு அவை உதவாது.

எட்டு வாரச் சோதனை பெரும்பாலும் தோற்பது சமையலால் அல்ல. "ஒரு பொறைதானே" என்று பாட்டி போடுவது, கோழிச் சுவை கால்சியம் மாத்திரை, மாட்டிறைச்சி மணமுள்ள மெல்லும் பூச்சி மாத்திரை, மாத்திரையைப் பொதிந்து தரும் சீஸ் துண்டு. இந்த எட்டு வாரத்துக்குள் பூச்சி மருந்து வந்தால் சுவையற்ற மாத்திரையை முயல்கறி உருண்டைக்குள் வைக்கவும். உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து போதும். இந்த ஊர் வெயிலில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் உணவைவிட அதிகமாகச் சொறிய வைக்கும் என்பதால் அதை நிறுத்திவிடவும் கூடாது.

குணமாகிவிட்டது என்றதும் நின்றுவிடாமல் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் வெறும் கோழி மட்டும், தினமும், இரண்டு வாரம் வரை. சில மணி நேரத்திலோ பத்துப் பன்னிரண்டு நாளிலோ அரிப்போ போக்கோ வந்தால் உடனே நிறுத்தி, முயலுக்கே திரும்பி, தணிந்த பிறகு பாலைச் சோதிக்கலாம். எதுவும் வராவிட்டால் கோழியின் மேல் பழி இல்லை. அடுத்தது பால், அதற்கும் அடுத்தது பொறை.