பெங்களூரு போட்டிக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஆ, டெக்கன் 8-ஆ?

இரண்டுமே இருவர் மோதும் சண்டை வீடியோ கேம்கள். அல்சூரில் ஒரு ஹால், நாலு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோல், 32 பேர், ஒரே நாள். இதில் ஒரு கேமைத்தான் ஒழுங்காக நடத்த முடியும். இரண்டு முறை தோற்றால் வெளியே என்ற முறையில் 62 மேட்ச், அதுவரை தோற்காதவர் ஃபைனலில் தோற்று அதை மறுபடி ஆட நேர்ந்தால் (ரீசெட்) 63. ஒரு கன்சோல் செட்டப்புக்கு 15, 16 வரும். கடைசிச் சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும் என்பதால் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை. டெக்கனில் 60 விநாடி வீதம் அதிகபட்சம் ஐந்து ரவுண்டு, அதாவது 300 விநாடி. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் 99 வீதம் மூன்று, 297.

வித்தியாசம் கன்சோலில்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பிஎஸ்4-லும் ஓடும். வருகிறவர்களின் பழைய கன்சோல்களை ஓரமாகப் போட்டால் பயிற்சிக்கு ஆயிற்று. மேட்ச் செட்டப்பில் யாரும் குந்தமாட்டார்கள். டெக்கன் 8-க்கு பிஎஸ்4 பதிப்பே இல்லை. அதன் சுவரும் தரையும் உடையும் ஸ்டேஜ்கள் (சண்டைக் களங்கள்) ஆட்டத்தையே மாற்றும், ஆகவே ஸ்டேஜ் விதியை முன்பே எழுதி ஒட்ட வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஸ்டேஜ் வெறும் பின்னணி.

புதியவர்களுக்கும் அதன் மாடர்ன் கன்ட்ரோல் கைகொடுக்கும்: ஒரே பட்டனில் ஸ்பெஷல் (சிறப்புத் தாக்குதல்), ஆனால் அப்படிப் போட்டால் அதன் அடி 20 சதவீதம் குறைவு. டெக்கன் தொடங்கும்போதே 32 கேரக்டர்கள். அது ருசிதான், கற்க நாளாகும்.

எங்கள் தேர்வு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. எதுவானாலும் ஆடி முடித்தவர் தன் வயர்லெஸ் கன்ட்ரோலரின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் எழ வேண்டும். இல்லையென்றால் பையில் பட்டன் அழுந்தி அடுத்தவர் மேட்ச் நடுவில் நிற்கும்.