150-600 லென்ஸ்: ஐந்து வருடமும் கோடியக்கரை மழையும்

பறவைகளுக்காகவே 2020-ல் வாங்கிய, 150-லிருந்து 600 மி.மீ. வரை ஜூம் ஆகிற லென்ஸ் இது; எண் கூடக்கூடத் தூரத்துப் பறவை பக்கத்தில் தெரியும். பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், பழவேற்காடு என்று ஐந்து வருடம் என்னோடு அலைந்திருக்கிறது. வெயிலில் இதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பறக்கிற ஆலாவைக்கூடப் பளிச்சென்று பிடிக்கும். மழையில் எப்படி என்பதுதான் விஷயம். நம் பக்கம் வலசைப் பறவைகள் வருவதும் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் ஒரே மாதங்களில்தானே.

"மழை தாங்கும் சார்" என்றார் கடைக்காரர். அதை நம்பி மூன்று வருடம் ரெயின் கவர் வாங்காமலே இருந்தேன்.

2023 டிசம்பரில் பூநாரைகளைப் பார்க்கக் கோடியக்கரை போனேன். விடியுமுன் டீக்கடையில் ஒரு பெரியவர், "தம்பி, கொண்டல் ஏறுது, சீக்கிரம் திரும்பிடுங்க" என்றார். 2018-ல் கஜா கரையேறிய ஊர்ப்பக்கம்; அங்கே காற்றைப் பற்றி யாரும் சும்மா சொல்வதில்லை. நான்தான் கேட்கவில்லை. ஏழரைக்கெல்லாம் உப்பளத்தின் மேல் மழை இறங்கிவிட்டது.

பூநாரைகள் அத்தனையும் காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றன. 600-ல் லென்ஸின் துளை எஃப் 6.3-க்கு மேல் திறக்காது, வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே வரும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு இறக்கியும், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 6400-க்குப் போயிற்று. ஃபோகஸ் பறவையை விட்டுவிட்டு மழைத்தாரையைப் பிடித்தது. நான் ஜூமை நீட்டுவதும் சுருக்குவதுமாக இருந்தேன். கெடுதல் நடந்தது அங்கேதான்.

கேமராவோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் சரியாகவே வேலை செய்தது. அந்த வழியாக ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆனால் இந்த வகை லென்ஸில் ஜூம் செய்தால் குழல் வெளியே நீளும். நீளும்போது சைக்கிள் பம்பு மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அன்றைக்கு அது இழுத்ததெல்லாம் ஈரம். மதியம் அறையில் பார்த்தால், முன் கண்ணாடிக்கு உட்புறம் மூச்சு விட்டதுபோல் வட்டமாக ஒரு மங்கல். நான் செய்த பெரிய தப்பு, அதை நனைந்த பையிலேயே போட்டு ஊர் வந்து சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓரத்தில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை. பிரித்துச் சுத்தம் செய்ய 4,500 ரூபாய் ஆயிற்று.

அதன்பிறகு மழை நாளில் ஜூமை 600-லேயே வைத்துவிட்டுத் தொடுவதில்லை. கவர் போடாமல் வெளியே எடுப்பதில்லை. கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் உப்பைத் துடைத்துவிடுவேன். பிறகு உலர்ந்த துணி. நனைந்த லென்ஸை நேரே ஏசி அறைக்குள் கொண்டுபோக மாட்டேன். இரவு சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில்தான் தூங்கும். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அந்தத் தூசி குழலுக்குள் போய்விடும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: வெயில் காலத்து ஏரிகளுக்கு இது தாராளம். மழையிலும் போவேன் என்றால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகிற, நீளம் மாறாத லென்ஸாக வாங்குங்கள்.

போன டிசம்பரில் அதே உப்பளத்துக்குப் போனேன், அதே கொண்டல். கவருக்குள் கையை விட்டபடி ஒரு மணி நேரம் நின்றேன். மழை சற்று விட்டபோது ஒரு பூநாரை இறக்கையை முழுக்க விரித்து உதறியது. மூடியிருக்கும்போது தெரியாத அந்தச் செம்மையும் கறுப்பு விளிம்பும், சுற்றித் தெறித்த நீர்த்துளிகளும் ஒரே படத்தில் விழுந்தன. அன்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது.